புதிய மண்ணில் நாம்: இரத்தம் வராத காயம்



செப்ரெம்பர் பிறந்து பாடசாலைகள் தொடங்கிவிட்டன. பிள்ளைகள் புத்தகப்பையோடு ஒரு கட்டுப் படிவங்களையும் வீட்டுக்குக் கொண்டுவரும் காலம் இது. வேலையால் களைத்து வரும் தாய் தகப்பனிடம் பிள்ளை படிவத்தை நீட்டி, "இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று இடத்தையும் காட்டிவிடும். பல வீடுகளில் கையெழுத்தும் அப்படியே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் நாலு பக்கம் வாசிக்க ஆருக்கு நேரம்? முக்கியமான விடயமென்றால் பிள்ளை சொல்லும்தானே என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் கட்டுக்குள் வரும் ஒரு தாளைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலை அணியிலோ விளையாட்டுக் கழகத்திலோ சேரும் பிள்ளையும், பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டதானால் பெற்றோரும், ஆண்டுதோறும் வாசித்து உறுதிப்படுத்த வேண்டிய தாள் அது. சில இடங்களில் கடதாசியாக வரும், சில இடங்களில் கணினியில் வரும். 'கன்கஷன்' என்ற சொல் அதில் இருக்கும். தமிழில் மூளை அதிர்வு எனலாம். 17 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் சாவுக்குப் பிறகுதான் அந்தத் தாள் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. அந்தக் கதையைச் சொல்லுமுன் மூளை அதிர்வு என்றால் என்னவென்று பார்ப்போம்.

தலைக்குள் நடப்பது என்ன?

ஊரில் ஒருவர் மரத்தால் விழுந்தாலும் சைக்கிளால் விழுந்தாலும் நாம் முதலில் பார்ப்பது இரத்தம் வருகிறதா என்பதைத்தான். இரத்தம் இல்லை, எலும்பு முறியவில்லை, ஆள் எழும்பி நடக்கிறார் என்றால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லி, ஒரு பிளேன்ரீயையும் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நடக்கும் காயம் ஒன்று உண்டு.

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடை உள்ளது. கட்டித் தயிர்போல மென்மையானது. தெளிந்த நீர் போன்ற ஒரு திரவத்தில் மிதந்தபடி மண்டையோட்டுக்குள் இருக்கிறது. சனம் நிறைந்த ஓர் இ.போ.ச. பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். சாரதி சடுதியாகப் பிரேக் பிடித்தால் பஸ் நின்றுவிடும். உள்ளே நிற்கும் சனம் நிற்காது, முன்னுக்குப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழும். ஓடிக்கொண்டிருக்கும் தலை திடீரென்று நின்றாலோ, பலமாகத் திரும்பினாலோ மூளைக்கும் அதே கதிதான். பஸ்ஸின் தகட்டில் ஒரு கீறலும் இராது, உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அடி.

ஆகவே தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. காரில் பின்னால் இன்னொரு கார் இடித்து, கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டாலே போதும். தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். ஆனால் உள்ளே மூளை அசைவதை அது முழுதாக நிறுத்திவிடாது.

இப்படி அசையும்போது மூளையின் நுண்ணிய நரம்பு நார்கள் இழுபடுகின்றன. உயிர்க்கலங்களுக்கு உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியேயும், வெளியே இருக்க வேண்டியவை உள்ளேயும் போய்விடுகின்றன. அவற்றைத் திரும்பச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிடக் கூடிய சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு கூடிய மாதத்திலேயே சம்பளமும் குறைந்த குடும்பம் எப்படித் தத்தளிக்கும் என்பது எம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிபட்ட மூளையும் அப்படித்தான் சில நாட்கள், சில கிழமைகள் தத்தளிக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு அடி விழுந்தால் தாங்காது.

இங்கே இரண்டு தப்பபிப்பிராயங்களைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்பது. உண்மையில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. மற்றது, 'ஸ்கான்' எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது. அந்தப் படம் எடுப்பது இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ உண்டா என்று பார்ப்பதற்கு. மூளை அதிர்வு வழக்கமாகப் படத்தில் தெரிவதில்லை. படம் நன்றாயிருந்தால் உயிராபத்து இல்லை என்று ஆறுதல் அடையலாம். காயமே இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது.

அறிகுறிகள் உடனேயும் வரலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம். தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருவதுபோன்ற உணர்வு, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, மூளை மந்தமாக இருப்பதுபோலத் தோன்றுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், ஒன்றிலும் மனம் நிலைகொள்ளாமை, காரணமில்லாத கோபம், அழுகை, நித்திரை கூடுதல் அல்லது வராமை. இவை எல்லாம் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை. ஒன்று இரண்டு இருந்தாலே வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆறு நாட்களுக்குள் மூன்று அடிகள்

இனி அந்தப் பெண்பிள்ளையின் கதை. பெயர் றோவன் ஸ்ரிங்கர். ஒட்டாவா நகரில் உயர்நிலைப் பாடசாலை மாணவி. பாடசாலை றக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம் 3ஆம் திகதி நடந்த ஆட்டத்தில் அவளுக்குத் தலையில் அடிபட்டது. 6ஆம் திகதி மற்றோர் ஆட்டத்தில் திரும்பவும் அடி. அவளுக்குத் தலையிடித்தது. கன்கஷனாக இருக்குமோ என்று அவளே சந்தேகித்தாள். கைத்தொலைபேசியில் அதைப் பற்றித் தேடிப் பார்த்தாள். சிநேகிதிக்குத் தகவலும் அனுப்பினாள். ஆனால் பெற்றோருக்கோ பயிற்சியாளருக்கோ சொல்லவில்லை. சொன்னால் விளையாட விடமாட்டார்களே!

8ஆம் திகதி மூன்றாவது அடி. மைதானத்தில் விழுந்தவள் பிறகு கண்விழிக்கவில்லை. 12ஆம் திகதி இறந்துபோனாள். அன்று அன்னையர் தினம்.

முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால், மிக அரிதாக, இளம் வயதினரின் மூளை கட்டுப்பாடின்றி வீங்கிவிடும். றோவனின் உயிரைப் பறித்தது அதுதான். முதல் அடி பட்டதும் அவளை இரண்டு மூன்று கிழமை உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்பதுதான் இந்தக் கதையில் மனதை அறுப்பது.

அவளுடைய பெற்றோர் துக்கத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. 2015இல் மரண விசாரணை நடந்தது. யூரர்கள் 49 பரிந்துரைகளை முன்வைத்தார்கள். 2018 மார்ச்சில் ஒன்ராறியோச் சட்டசபை, கட்சி வேறுபாடின்றி, றோவனின் பெயராலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கனடாவில் இப்படியொரு சட்டம் வந்தது அதுவே முதல் தடவை. அச்சட்டத்தின் சாரம் இதுதான்: மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே விளையாட்டு வீரரை உடனே வெளியே எடுக்க வேண்டும். வைத்தியரோ அதற்குத் தகுதியுள்ள தாதியோ சரியென்று எழுதித் தரும்வரை முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ விடக் கூடாது. வீரர்கள், பெற்றோர், பயிற்சியாளர் எல்லோரும் ஆண்டுதோறும் இதைப் பற்றிய தகவலை வாசிக்க வேண்டும். செப்ரெம்பர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை றோவனின் நாளாக நினைவுகூரப்படுகிறது.

கையெழுத்துக்கு வரும் அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். அதை அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சொன்னால் என்ன நட்டம்?

றோவன் விபரம் தெரியாத பிள்ளை அல்ல. தன் காயத்தின் பெயரையே அறிந்திருந்தாள். அப்படியிருந்தும் ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. தலையில் அடிபட்டதை மறைக்கிற எல்லோருக்கும் இதுதான் காரணம். விளையாட்டுக்காரனுக்கு ஆட்டம் போய்விடும், தொழிலாளிக்கு வேலை போய்விடும், பெண்ணுக்குக் குடும்ப மானம் போய்விடும்.

எமக்கு மிகவும் பழக்கமான கிறிக்கெற் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. முன்பெல்லாம் துடுப்பாட்டக்காரர் தலையில் பந்து பட்டு வெளியேறினால் அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். ஆகவே தலை சுற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். 2019ஆம் ஆண்டு சர்வதேச கிறிக்கெற் சபை விதியை மாற்றியது. மூளை அதிர்வு ஏற்பட்டவருக்குப் பதிலாக அதே வகையான இன்னொருவர் வந்து முழுமையாக ஆடலாம். அந்த ஓகஸ்ற் மாதமே லோர்ட்ஸ் மைதானத்தில் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்ரீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அடுத்த நாள் ஸ்மித் வெளியே இருக்க, மார்னஸ் லபுஷேன் அவருடைய இடத்தில் இறங்கி 59 ஓட்டங்கள் எடுத்தார். 2020 டிசெம்பரில் கன்பராவில் ரவீந்திர ஜடேஜாவுக்குத் தலைக்கவசத்தில் அடிபட்டது. அவருக்குப் பதிலாக வந்த சஹால் மூன்று விக்கெற்றுகளை வீழ்த்தி ஆட்டநாயகனானார். உண்மையைச் சொன்னதால் அணிக்கு ஒரு நட்டமும் வரவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பேர்போன மைக் வெப்ஸ்ரர் 2002இல் தமது 50ஆவது வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் நினைவு தடுமாறி, மனம் பேதலித்து வாழ்ந்தவர். பிற்ஸ்பேர்க் நகரில் அவருடைய மூளையைப் பரிசோதித்தவர் பெனற் ஒமாலு என்ற வைத்தியர். நைஜீரியாவில் பயாப்ராப் போர் நடந்த 1968இல், போரால் இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் மூளை மெல்ல மெல்ல அழிந்திருந்ததை அவர் கண்டு 2005இல் எழுதினார். கால்பந்தாட்டச் சங்கத்தின் வைத்தியக் குழுவினர் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். வந்தேறி வைத்தியர் ஒருவர் தங்கள் தேசிய விளையாட்டைப் பற்றிச் சொல்வதா என்ற எண்ணமும் சிலருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் உண்மை நின்றது. ஓய்வுபெற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட, 2015இல் நீதிமன்றம் பெருந்தொகை நட்டஈட்டு உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2016இல் சங்கத்தின் அதிகாரி ஒருவரே தொடர்பு உண்டென்று ஒத்துக்கொண்டார்.

இதை வாசித்து எவரும் பயந்துவிடத் தேவையில்லை. வெப்ஸ்ரருக்கு வந்தது பல ஆண்டுகளாக வாங்கிய எண்ணற்ற அடிகளின் விளைவு. ஒருமுறை மூளை அதிர்வு வந்து, கவனமாக இருந்து ஆறியவர்கள் பெரும்பாலும் பழையபடி நன்றாக வாழ்கிறார்கள். பிள்ளையை விளையாட விடாமல் வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம். விளையாட்டு உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, புதிய நாட்டில் சிநேகிதரைத் தேடித் தருவதும் அதுதான்.

எமது வீடுகளில்

மூளை அதிர்வு விளையாட்டு மைதானத்தோடு நிற்பதில்லை. புதிதாகக் குடியேறிய எமது குடும்பங்களில் அது வேறு வாசல்களாலும் நுழைகிறது.

முதலில் பிள்ளைகள். அடிபட்டு இரண்டு கிழமையின் பின்பும் பிள்ளை வகுப்பில் கவனிக்க முடியாமல் இருக்கிறது, வீட்டுப்பாடம் செய்யத் தலையிடிக்கிறது, தம்பி தங்கையோடு எரிந்து விழுகிறது. "விளையாட்டைச் சாட்டிப் படிக்காமல் கள்ளமடிக்கிறான்" என்று பேச்சு விழுகிறது. கால் முறிந்து மாப்போட்ட பிள்ளையை ஒருவரும் ஓடச் சொல்லி அடிப்பதில்லை. மூளைக்கு மாப்போட முடியாது, அதனால் ஒருவருக்கும் தெரிவதில்லை. புள்ளி குறைந்ததற்கு ரியூஷன் மாற்றுமுன், தலையில் அடிபட்டதா என்று ஒருமுறை கேளுங்கள். கோபம் வந்தால் மண்டையில் குட்டும் பழக்கத்தையும் விமான நிலையத்தோடு விட்டுவிட வேண்டும். கைக்குழந்தை அழுகிறதென்று பிடித்து உலுக்குவது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது வேலை. பனியில் வழுக்கி விழுவதும், தொழிற்சாலையில் பெட்டி தலையில் விழுவதும், உணவகச் சமையலறையின் ஈரத் தரையில் சறுக்குவதும் எம்மவர்க்குப் புதிதல்ல. விழுந்தவர் எழும்பி, தட்டிவிட்டு, இரவு இரண்டாவது வேலைக்கும் போவார். வீட்டு வாடகை, முகவருக்குக் கொடுக்க வேண்டிய கடன், ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் காசு எல்லாம் அவர் முதுகில். அவர் சொல்லாததற்குக் காரணம் வீரம் அல்ல, பயம். அந்தப் பயத்துக்குச் சட்டம் கொஞ்சம் மருந்து வைத்திருக்கிறது. ஒன்ராறியோவில் பெரும்பாலான வேலையிடங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலையிடக் காப்புறுதிச் சபையின் கீழ் வருகின்றன. வேலையில் காயப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அங்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காதே என்று முதலாளி தடுப்பதும் மிரட்டுவதும் சட்டத்துக்கு மாறானவை. விழுந்த அன்றே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். திகதி, நேரம், பார்த்தவர் பெயர் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் "வேலையில் நடந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது எமது முதியவர்கள். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போன அம்மம்மா பனியில் விழுகிறார். "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று எழும்பி வருகிறார், மகளின் வேலையைக் குழப்பக்கூடாதென்று. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் தலையில் சிறு அடிக்கும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதியவர்களுக்கு மண்டையோட்டுக்குள் இரத்தம் மிக மெதுவாகக் கசிந்து, சில கிழமைகள் கழித்து நடை தள்ளாடலாம், பேச்சு மாறலாம், மறதி கூடலாம். வயது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் அதைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

நான்காவதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள் கணவன் கையால் தலையில் அடிவாங்கும் பெண்களுக்கும் மூளை அதிர்வு வருகிறது. சுவரோடு தலை மோதுவதும், கழுத்தை நெரிப்பதும் மூளையைக் காயப்படுத்தும். பிறகு அவள் மறதிக்காரி, சமைக்கத் தெரியாதவள், விசரி என்று பட்டமும் கிடைக்கிறது. அடித்தவனே அந்தப் பட்டத்தையும் சூட்டுவான். சகோதரிகளே, வைத்தியரைத் தனியாகச் சந்திக்கக் கேட்பது உங்கள் உரிமை. மொழிபெயர்க்கக் கணவனையோ பிள்ளையையோ அல்லாமல் வெளி ஆளைக் கேட்கலாம். ஆபத்தான வேளையில் 911ஐ அழையுங்கள்.

ஐந்தாவது, நாம் கடந்து வந்த பாதை. ஷெல் விழுந்த இடத்துக்கு அருகில் இருந்தவர்கள், குண்டுவீச்சில் தூக்கி எறியப்பட்டவர்கள், தடுப்பில் தலையில் அடிவாங்கியவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! வெடியின் அமுக்க அலையே மூளையைக் காயப்படுத்தக்கூடியது. வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த முன்னாள் அரசியல் கைதிகளின் மூளையை ஹார்வார்ட் ஆய்வாளர்கள் படமெடுத்து 2009இல் எழுதினார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் மெலிந்திருந்தன, மனச்சோர்வும் அதனோடு சேர்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கான தலையிடி, நித்திரையின்மை, சட்டென்று மூளும் கோபம் எல்லாவற்றையும் 'யோசினை' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடாமல், "எனக்கு முன்னர் தலையில் அடிபட்டது" என்று குடும்ப வைத்தியருக்கு ஒருமுறை சொல்லி வையுங்கள். அவர் வேறு கண்ணால் பார்ப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி இருக்கிறது. "ஆருக்கும் சொல்லாதேங்கோ, நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேச வேணும்" என்பதுதான் அந்த மூடி. மூளை அதிர்வு பைத்தியமும் அல்ல, பரம்பரை நோயும் அல்ல. கால் சுளுக்குப்போல ஒரு காயம். சுளுக்கை மறைத்து எவரும் சம்பந்தம் பேசுவதில்லை, இதையும் மறைக்கத் தேவையில்லை.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்க ஒரு சிறு குறிப்பு.

உடனே 911ஐ அழைக்க வேண்டியவை:

1. மயக்கம், அல்லது எழுப்ப எழுப்ப எழும்பாத நித்திரை
2. திரும்பத் திரும்பச் சத்தி
3. கூடிக்கொண்டே போகும் தலையிடி, அல்லது கடும் கழுத்து வலி
4. வலிப்பு
5. கை கால் விறைப்பு, பலமின்மை, பேச்சுக் குழறல்
6. ஒன்று இரண்டாகத் தெரிதல், கண்ணின் கருமணிகள் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருத்தல்
7. ஆளை அடையாளம் தெரியாமை, கூடிக்கொண்டு போகும் குழப்பம்

இவை இல்லாவிட்டாலும்:

1. அன்றைய ஆட்டத்தை, வேலையை உடனே நிறுத்துங்கள். முதல் நாள் தனியே விட வேண்டாம். கார் ஓட்ட வேண்டாம்.
2. அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஆபத்து அறிகுறிகள் இல்லையென்று அவர் சொன்னபின் நித்திரை கொள்வதில் தவறில்லை. நித்திரையும் மருந்துதான்.
3. அஸ்பிரின், ஐபியூப்ரோபன் போன்ற மாத்திரைகளைத் தொடக்கத்தில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மதுவும் வேண்டாம்.
4. முதல் 24 முதல் 48 மணிநேரம் ஆறுதலாக இருக்கட்டும். தொலைபேசி, வீடியோ விளையாட்டு இரண்டையும் குறையுங்கள். ஆனால் இருட்டறையில் நாட்கணக்காகப் படுக்க வைக்கும் பழைய முறையை வைத்தியர்கள் இப்போது சொல்வதில்லை. சிறு நடை நல்லது.
5. முதலில் பாடசாலை, பிறகுதான் விளையாட்டு. பாடசாலைக்கு அரை நாள், குறைந்த வீட்டுப்பாடம், பரீட்சைக்குக் கூடிய நேரம் என்று சலுகை கேட்கலாம். விளையாட்டுக்குப் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். முட்டி மோதும் பயிற்சிக்கு விடுமுன் வைத்தியரின் எழுத்து வேண்டும்.
6. வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக இரண்டு கிழமையிலும் பிள்ளைகளுக்கு நாலு கிழமையிலும் குணம் தெரியும். தெரியாவிட்டால் திரும்ப வைத்தியரிடம் போங்கள்.

அவசரமில்லாத கேள்விகளுக்கு ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தாதியுடன் இலவசமாகப் பேசலாம். ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்று மொழியின் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அகதி விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருப்பவர்களின் வைத்தியர், ஆஸ்பத்திரிச் செலவை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்குப் பாதிக்கப்படும் என்று சிலர் கதைப்பதை நம்பாதீர்கள்.

வீட்டில் ஒரு விதி

கிறிக்கெற் சபை செய்ததை நாமும் வீட்டில் செய்யலாம். உண்மையைச் சொன்னவருக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்வதே அந்த விதி. "தலையிலை அடிபட்டதெண்டு சொன்னால் பேச்சு விழாது, விளையாட்டையும் நிரந்தரமாய் நிப்பாட்டமாட்டம், ஆறினவுடனை விடுவம்" என்று பிள்ளைக்கு இப்போதே வாக்குக் கொடுங்கள். கணவர் விழுந்துவிட்டு வந்தால், "ரெண்டு நாள் சம்பளம் போனால் போகட்டும், சமாளிப்பம்" என்று மனைவி சொல்லட்டும். அம்மம்மா விழுந்தால், "எங்களுக்குக் கரைச்சல் இல்லை, சொல்லாமல் விட்டால்தான் கரைச்சல்" என்று பிள்ளைகள் சொல்லட்டும். பகுதிக்குப் பகுதி எமது கிறிக்கெற், உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு. அவற்றின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இறுதியாட்டம் அடுத்த வருடமும் வரும். அடிபட்ட பிள்ளையை இறக்காமல் ஓர் ஆட்டத்தைத் தோற்ற பயிற்சியாளருக்கு மாலை போடும் சமூகமாக நாம் மாற வேண்டும்.

இந்தக் கிழமை அந்தத் தாள் வந்தால், கையெழுத்துப் போடுமுன் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "இதிலை என்ன எழுதியிருக்கு, எனக்குத் தமிழிலை சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்க வைப்பதற்காகவாவது பிள்ளை அதை முழுதாக வாசிக்க வேண்டிவரும். ஒரு கையெழுத்தில் இரண்டு பேர் படித்ததாக முடியும்.

அடுத்த இதழில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிப் பேசுவோம். அதுவரை, நலமோடு இருங்கள்.